“என் மூஞ்சி வேண்டாம்”: திரையிடலுக்குச் சில வாரங்கள் முன்பு நின்ற ஓர் ஆவணப்படம்

எதற்காக எழுதுகிறோம்

சிங்கப்பூரில் ஆவணப்படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே சான்றிதழ் பக்கம் திரும்பிவிடும். அதில் நியாயம் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்குத் திரைப்படச் சட்டப்படி வகைப்படுத்தல் சான்றிதழ் வேண்டும். 2014இல், அரசியல் காரணங்களால் வெளிநாடுகளில் வாழும் சிங்கப்பூரர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு எந்த வகையிலும் அனுமதி கிடைக்காமல் போனபோது, இங்கிருந்து பஸ் ஏறி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர். அந்த நினைவு எங்கள் வட்டத்தில் இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு படம் நின்றுபோகிறது என்றால் மேலிருந்துதான் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்தே பழகிவிட்டோம். படத்தில் வருகிற மனிதரே வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதை யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

எங்கள் படவிழாவில் அப்படி ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அதைத்தான் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எழுதுகிறோம். பெயர், ஊர், கம்பெனி, கடன் தொகை எதுவும் இதில் இருக்காது. சம்பந்தப்பட்ட ஊழியருக்கும் இயக்குநருக்கும் இதை முதலில் படித்துக் காட்டி, இருவரும் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டோம்.

பின்னணி

எங்களுடையது லாப நோக்கமில்லாத சிறிய அமைப்பு. முழுநேர ஊழியர்கள் ஒன்றிரண்டு பேர்தான், மற்றவர்கள் எல்லாம் தொண்டூழியர்கள். ஆவணப்படம் எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சிறிய மானியம், இரவல் கேமரா, அனுபவமுள்ள ஓர் எடிட்டரின் வழிகாட்டல், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படவிழா, இவ்வளவுதான் எங்கள் வேலை. டிக்கெட் விற்று இதை நடத்த முடியாது. நன்கொடையில்தான் ஓடுகிறது. கலை, மரபுடைமை அறநிறுவனங்களுக்கு வரும் தனியார் நன்கொடைக்கு ஈடாக அரசாங்கம் வெள்ளிக்கு வெள்ளி சேர்த்துத் தரும் நிதி ஒன்று 2013 முதல் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதன் மறுபக்கம், ஒரு நன்கொடையாளர் விலகினால் இரண்டு பங்கு போகும். பின்னால் பொருளாளர் ஏன் அவ்வளவு கவலைப்பட்டார் என்பது புரிவதற்காக இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

இயக்குநர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அவருக்கு இது முதல் நீளப்படம். கட்டுமான வேலையில் வலது கையில் விரல்களை இழந்த ஒரு தமிழ்நாட்டு ஊழியரைப் பற்றிய படம். ஊரில் வேலைத்திறன் டெஸ்ட் அடித்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, கடனோடு வந்தவர். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே காயமடைந்த ஊழியர் இழப்பீடு கேட்கலாம். ஆனால் நிரந்தர இழப்பு எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிடவேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். இவருக்கு அதற்குள் பர்மிட், அதாவது வேலை அனுமதி, ரத்தாகிவிட, தற்காலிகமாகத் தங்குவதற்கான ஸ்பெஷல் பாஸில் இருந்தார். பொதுவாக அந்தப் பாஸில் வேலை செய்ய முடியாது. லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் பலரோடு ஓர் அறையில் தங்கி, இலவசச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் சாப்பிட்டுக்கொண்டு, பாஸ் புதுப்பிக்கும் தேதிகளை எண்ணிக்கொண்டு இருந்த அந்தக் காலம்தான் படம். விபத்து படத்தில் இல்லை. காத்திருப்பு மட்டும் இருந்தது. அதனாலேயே எங்களுக்கு அது பிடித்திருந்தது.

ஒப்புதல் வாங்கிய விதம்

படப்பிடிப்பு தொடங்கிய வாரத்தில் அந்த ஊழியர் ரிலீஸ் ஃபார்மில், அதாவது தன்னைப் படம்பிடித்துக் காட்டலாம் என்ற ஒப்புதல் படிவத்தில், கையெழுத்துப் போட்டார். ஃபார்ம் ஆங்கிலத்தில் இருந்தது, பல இடங்களில் புழங்கும் வழக்கமான வாசகம்தான்: உலகம் முழுவதும், எந்த ஊடகத்திலும், காலவரையறை இல்லாமல், விளம்பரத்துக்கும் சேர்த்து. இயக்குநர் ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்கினார், அதைக் கேமராவில் பதிவும் செய்திருந்தார். எங்கள் அமைப்பில் அந்த ஆண்டு மானியம் வாங்கியவர்களில் இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர் அவர்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்தக் கதையைக் கேட்கும் பலர் முதலில் இயக்குநரைத்தான் சந்தேகிக்கிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை.

சரி, அப்படியென்றால் சிக்கல் எங்கே? கையெழுத்துப் போடும்போது அவருக்கு முன்னால் படம் என்று ஒன்றுமே இல்லை. என்ன எடுக்கப் போகிறோம் என்று இயக்குநருக்கே தெரியாது. கை ஆறாமல், அடுத்து என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்த ஒருவர், தன்னிடம் தமிழில் அன்பாகப் பேசி வாரா வாரம் வந்து பார்க்கிற ஒரு பெண்ணிடம், ‘சரி தங்கச்சி’ என்றார். அந்தச் சரி நேர்மையான சரிதான். ஆனால் அது எதற்கான சரி என்பது பல மாதங்கள் கழித்து, எடிட் மேசையில்தான் முடிவானது. அப்போது அவர் இழப்பீடு வாங்கி ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

செய்தி வந்தது

அந்தப் படத்தைத்தான் தொடக்க விழாப் படமாகத் தேர்ந்தெடுத்தோம். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு ட்ரெய்லர் வெளியானது. விளம்பரக் குழு படத்திலிருந்து மிக வலுவான காட்சி எது என்று பார்த்து, அதைச் சுற்றித்தான் ட்ரெய்லரைச் செய்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் ஒரு நண்பரிடம், அவர் தன் கடன் கணக்கைச் சொல்கிற காட்சி. யார் யாரிடம் எவ்வளவு, வட்டி என்ன, அதில் எவ்வளவை வீட்டுக்குச் சொல்லவில்லை என்று, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்வார்.

ட்ரெய்லர் இங்கே ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகப் பரவியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அங்கிருந்து அது அவருடைய ஊருக்குப் போக அதிக நேரம் பிடிக்கவில்லை. கடன் கொடுத்தவர்களில் ஒருவர் உறவுக்காரர், அந்த வழியில்தான் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் இயக்குநருக்கு ஒரு குரல் செய்தி வந்தது: “தங்கச்சி, அந்தப் படத்துல என் மூஞ்சி வரவேண்டாம்மா. வீட்டுல பெரிய பிரச்சினையா போச்சு. எப்படியாச்சும் எடுத்துரு.”

இயக்குநர் அதை எங்களுக்கு உடனே அனுப்பிவிட்டார். மறைத்திருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் அனுப்பினார். அன்றைக்கே ட்ரெய்லரை எல்லா இடங்களிலிருந்தும் எடுத்தோம். ஏற்கெனவே பகிரப்பட்டதை எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதலில் பார்த்த விஷயங்கள்

ஒரு வழக்கறிஞர் நண்பர் ஃபார்மைப் பார்த்தார். சட்டப்படி ஃபார்ம் செல்லும், திரையிடலாம் என்றார். இன்னொன்றையும் சொன்னார், அது எங்கள் குழுவில் சிலருக்குப் புதுசு. படத்தில் கை வைக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. பணம் கொடுத்தது நாங்கள்தான், ஆனால் மானிய ஒப்பந்தத்தில் பதிப்புரிமை இயக்குநரிடமே இருந்தது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமும், காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படமாக இருந்தால்கூட, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, உரிமை படைத்தவருக்குத்தான் என்ற பக்கம் நிற்கிறது. ஆகவே எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு முடிவு: திரையிடுவதா, இல்லையா. வெட்டுவதா என்பது இயக்குநரின் முடிவு.

முகத்தை மறைப்பது பற்றி எடிட்டரிடம் கேட்டோம். ஐம்பது நிமிடப் படத்தில் பெரும்பாலான நேரம் திரையில் இருப்பவர் ஒருவர்தான், அவர் முகத்தைப் புகைபோலாக்கினால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. 2020இல் வெளிவந்த செச்னியா பற்றிய ஓர் ஆவணப்படத்தில் தப்பியோடியவர்களின் முகத்தின் மேல் வேறு ஆட்களின் முகத்தைக் கணினி வழியாகப் பொருத்தியிருந்தார்கள். அதற்கான பணமும் நேரமும் எங்களிடம் கிடையாது. அதோடு, முகத்தை மறைத்தாலும் அந்தக் கை யாருடையது என்று அவருடைய ஊரில் தெரியாதவர் யார்? குரல் வேறு இருக்கிறது.

குழுவுக்குள் நடந்த வாதம்

நிர்வாகக் குழுக் கூட்டம் நீண்டு போனது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் சரக்கு இருந்தது.

பொருளாளர் தொடக்க விழாவுக்கென்றே நன்கொடை கொடுத்தவரை நினைவூட்டினார். அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பணத்துக்காக ஊழியரின் பேச்சைத் தள்ளக்கூடாது என்பதில் பொருளாளர் உட்பட எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

கடினமான வாதத்தை வைத்தவர் படத்தேர்வுப் பொறுப்பாளர். அவர் கேட்டது இது: இன்று ஓர் ஊழியர் வேண்டாம் என்கிறார், மனசு இளகி எடுத்துவிடுகிறோம். நாளைக்கு ஒரு முதலாளி, பேட்டி கொடுத்துவிட்டு, படத்தைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொன்னால்? ஓர் அதிகாரி சொன்னால்? பேசிய ஒவ்வொருவரும் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம் என்று வைத்துவிட்டால், விமர்சனமாக ஒரு படம்கூட மிஞ்சாது. இந்த நாட்டில் ஏற்கெனவே அப்படிப் படம் எடுப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களுக்குப் பக்கபலமாக இருக்கத்தான் இந்த அமைப்பே இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்று நாம் நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?

இதற்கு அன்று யாரும் உடனே பதில் சொல்லவில்லை. இன்றும் இது லேசான கேள்வி இல்லை என்றே நினைக்கிறோம்.

பதில் போல ஒன்றைச் சொன்னவர் குழுவில் மூத்தவர், பல ஆண்டுகள் திரைப்படம் கற்பித்தவர். 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகில் ஃபோகோ என்ற தீவில் படங்கள் எடுத்ததை அவர் எடுத்துச் சொன்னார். காலின் லோ என்பவர் இயக்கியவை. மீன்பிடித் தொழில் நொடித்து, ஆட்களை வேறு இடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாமா என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த நேரம். எடுத்ததை வெளியாட்களுக்குக் காட்டும் முன் தீவுக்காரர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சரி என்றதைத்தான் வெளியே காட்டினார்கள். அதனால் படம் பலவீனமாகவில்லை, அந்தப் படங்களை வைத்து மக்கள் அரசாங்கத்தோடு பேசினார்கள் என்றார். பிறகு, முதலாளியும் ஊழியரும் ஒன்றா என்று கேட்டார். முதலாளிக்கு வழக்கறிஞர் இருக்கிறார், படம் தவறு என்றால் மறுத்துப் பேசச் செய்தித்தாள் இருக்கிறது. இவருக்கு இருப்பது இயக்குநரின் போன் நம்பர் ஒன்றுதான். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் பின்வாங்கும் உரிமையை அளக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு என்பது நியாயம் இல்லை.

இந்தப் பதிவை எழுதுகிறவரின் கருத்தும் அதுதான். படத்தேர்வுப் பொறுப்பாளர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று இருந்தது: ஊழியர் இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தது ட்ரெய்லரை மட்டும். முதலில் அவர் முழுப் படத்தையும் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

அவரோடு படம் பார்த்தது

யார் அவரோடு பேசுவது என்பதில் கவனமாக இருந்தோம். இயக்குநர் பேசினால், தங்கச்சி மனசு நோகுமே என்று அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடலாம். அமைப்பிலிருந்து பேசினால், ஏதோ ஆபீஸ் விசாரணை போல அவருக்குத் தோன்றலாம். ஊழியர்களுக்கு ஃபார்ம் நிரப்பவும் மருத்துவமனைக்குத் துணைபோகவும் பல காலமாக உதவிவரும் ஒரு பெரியவர் இருக்கிறார், படத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாதவர், ஊழியருக்கு முன்பே பழக்கம். ‘ஐயா’ என்றுதான் அழைப்பார். அவரையே பேசச் சொன்னோம். அவருக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினோம்: எதையும் கெஞ்சவேண்டாம், முழுப் படத்தையும் வேண்டாம் என்றால் அதையும் அப்படியே எங்களிடம் சொல்லுங்கள்.

படத்தைச் சின்ன அளவிலான கோப்பாக்கி, மேலே நீர்க்குறியிட்டு, ஊழியருடைய போனில் ஓடும்படி அனுப்பினோம். இரவு இங்கே பத்தரை என்றால் அங்கே எட்டு மணி, அவருக்கு அதுதான் தோதான நேரம். ஐம்பது நிமிடப் படம் அன்று ரொம்ப நேரம் ஓடியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இடையில் மனைவியும் வந்து உட்கார்ந்தார்.

பார்த்து முடித்ததும் அவர் சொன்னது எங்களில் யாரும் எதிர்பார்க்காதது. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமனைக் காட்சி இருக்கட்டும், கை இருக்கட்டும். இடது கையால் எழுதிப் பழகும் காட்சியை எடுத்துவிடவே கூடாது, பையன் பெரியவனானதும் பார்க்கவேண்டும் என்றார். அம்மாவிடம் போனில், கையில் சின்னக் காயம்தான் என்று பொய் சொல்லி, போனை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நீண்ட காட்சி உண்டு. அதைத்தான் நீக்கச் சொல்வார் என்று நாங்கள் பயந்திருந்தோம். அது இருக்கலாம் என்றார், ஆனால் ‘போன்ல துண்டு துண்டா வரக்கூடாது ஐயா, படமா பார்க்கிறவங்க பார்க்கட்டும்’ என்றார். கடன் கணக்குச் சொல்லும் காட்சி மட்டும் முழுதாக வேண்டாம். அதில் தன் பேச்சு மட்டும் இல்லை, கடன் கொடுத்தவர்களின் மானமும் இருக்கிறது, அவர்களை யாரும் கேட்கவில்லையே என்றார்.

இதில் நாங்கள் கற்றுக்கொண்டது நிறைய. முதல் செய்தியை அப்படியே எடுத்துக்கொண்டு படத்தை நிறுத்தியிருந்தால், நல்லது செய்தோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் வைக்க விரும்பியதையும் சேர்த்து அழித்திருப்போம். ஃபார்மைக் காட்டி மறுத்திருந்தால் அது வேறு வகை அநியாயம். ‘மூஞ்சி வேண்டாம்’ என்று அவர் சொன்னது, பார்க்காத ஒரு படத்தைப் பற்றி அவரால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது என்பதால். அதேபோல, அரங்கில் உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பதும் போனில் ஒரு நிமிடத் துண்டாகப் பார்ப்பதும் அவருக்கு வேறு வேறு விஷயம். எங்கள் ஃபார்மில் இரண்டும் ஒரே வரியில் இருந்தன.

பின்னணியில் நின்ற இன்னொருவர்

படத்தைத் திரும்ப அலசும்போதுதான் இது கண்ணில் பட்டது. கடன் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பர் வேறு இரண்டு காட்சிகளிலும் வருகிறார். அவர் அதே கம்பெனியில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, வாய்மொழியாகத் தலையாட்டியதோடு சரி.

யோசித்துப் பார்த்தால், படத்தில் அதிக ஆபத்தில் இருந்தவர் இவர்தான். கதாநாயகர் ஊருக்குப் போய்விட்டார், இழப்பீடு முடிந்துவிட்டது. இவருக்குப் பர்மிட் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி எதுவும் செய்திருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பயத்தோடு அவர் வேலைக்குப் போகவேண்டியிருக்கும். கேட்டபோது, பெயர், முகம் இரண்டும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்.

முதல் யோசனை முகத்தை மங்கலாக்குவது. எடிட்டர் காட்சியை நிறுத்திக் காட்டினார்: ஹெல்மெட்டில் கம்பெனி ஸ்டிக்கர், முன்கையில் பச்சை குத்திய பெயர். முகம் இல்லாமலேயே அவரை அந்தக் கம்பெனியில் எவரும் கண்டுபிடிப்பார்கள். கடைசியில் ஒரு காட்சியை நீக்கினார்கள். இன்னொன்று 4கே என்ற பெரிய பட அளவில் எடுத்திருந்ததால், திரையரங்குக்குப் போகும் சிறிய 2கே பதிப்பில் சட்டகத்தைச் சுருக்கி அவரை வெளியே விட முடிந்தது. அவர் சொல்லும் இரண்டு வரிகளை ஒலியிலிருந்தும் எடுத்தார்கள்.

புதிய பதிப்பு

வெட்டலாமா என்ற முடிவை இயக்குநரிடமே விட்டோம். அமைப்பின் நிலையை மட்டும் எழுதிக் கொடுத்தோம்: பழைய பதிப்பை நாங்கள் திரையிடமாட்டோம், புதிய பதிப்பு வந்தால் அதற்கான எடிட்டிங், ஒலி, டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) செலவு முழுவதும் எங்களுடையது, வராவிட்டாலும் மானியத்தைத் திரும்பக் கேட்கமாட்டோம். இயக்குநருக்குக் கோபம் இருந்தது, இருக்கவேண்டிய கோபம்தான். படத்தின் முதுகெலும்பே அந்தக் கடன் காட்சி, அது இல்லாமல் அவர் ஏன் ஊருக்குத் திரும்பாமல் அவ்வளவு நாள் காத்திருந்தார் என்பது பார்ப்பவர்களுக்குப் பாதிதான் புரியும் என்றார். உண்மை. இருந்தும் ‘அண்ணன் சொன்னப்புறம் என்னால அதை வச்சிருக்க முடியாது’ என்று சொல்லி அவரே வெட்டினார்.

நடைமுறை வேலைகளைப் பற்றி ஒரு வார்த்தை, இதே நிலைமையில் மாட்டுபவர்களுக்கு உதவும். வகைப்படுத்தல் சான்றிதழ் நாம் சமர்ப்பித்த பதிப்புக்குத்தான். மாற்றினால் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். டிசிபியையும் புதிதாகச் செய்யவேண்டும். அது பூட்டிய டிசிபியாக இருந்தால், அதைத் திறக்கும் பழைய டிஜிட்டல் சாவி புதியதற்கு வேலை செய்யாது, குறிப்பிட்ட அரங்கின் கருவிக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கென்று புதுச் சாவி வாங்கவேண்டும். படத்தில் திரையில் வரும் தமிழ் எழுத்துகளைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் சில கருவிகளில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அதனால் படத்திலேயே பதித்துவிட்டோம். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தொடக்க நாளுக்குள் முடியாது என்று தெரிந்தது. தொடக்க விழாவுக்கு வேறு படங்களைப் போட்டு, இதை விழாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். புதிய ட்ரெய்லர் கிடையாது, இணையத் திரையிடல் கிடையாது.

திரையிடல்

சின்ன அரங்கு, மாலைக் காட்சி. ஞாயிறு என்பதால் துவாஸ், கிராஞ்சிப் பக்கத்து விடுதிகளிலிருந்தும் ஊழியர்கள் வர முடிந்தது, பர்மிட்டில் இருப்பவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்று வைத்திருந்தோம். படம் தமிழில் என்பதால் அவர்கள் சப்டைட்டிலுக்கு முன்னாடியே சிரித்தார்கள், மற்றவர்கள் பின்னால் சிரித்தார்கள். படத்தில் சிரிப்பதற்கும் இடம் இருக்கிறது என்பது எங்களுக்கே அன்றுதான் தெரிந்தது.

முடிந்ததும் நடந்த கேள்வி நேரத்தில் பின்வரிசையில் இருந்த ஓர் ஊழியர் எழுந்து, ‘இதில் நடித்த அண்ணனுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?’ என்று கேட்டார். இயக்குநர் ஒளிக்காமல், ஒன்றும் கொடுக்கவில்லை, ஆவணப்படத்தில் பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுத்தால் அவர்கள் பேசுவது மாறிவிடும் என்ற எண்ணத்தில் பலர் கொடுப்பதில்லை என்று விளக்கினார். கேட்டவர் தலையாட்டிவிட்டு, ‘ஆனா டிக்கெட் விக்கிறீங்கல்ல?’ என்றார். அரங்கம் அமைதியானது. அந்தக் கேள்வி நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக வந்தது.

அதன் பிறகு

வெளிநாட்டுப் படவிழா ஒன்று பழைய பதிப்பைப் பார்த்து ஆர்வம் காட்டியிருந்தது. புதிய பதிப்பை அனுப்பியபோது, இந்த ஆண்டு இடமில்லை என்று பதில் வந்தது. காரணம் சொல்லவில்லை. முதல் படம் எடுத்தவருக்கு அது சின்ன இழப்பு இல்லை, அதை நாங்கள் ஈடுசெய்யவும் முடியவில்லை. தொடக்க விழா நன்கொடையாளர் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, அடுத்த ஆண்டு தரவும் இல்லை.

ஊழியரின் வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோனது. ட்ரெய்லர்தான் காரணமா என்று கேட்டால் அவர் நேராகப் பதில் சொல்வதில்லை. படத்தின் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பினோம், அது அவர் கையில் இருக்கிறது. நண்பருக்குப் பர்மிட் புதுப்பிக்கப்பட்டது.

இயக்குநர் சில மாதங்கள் எங்களோடு பேசவில்லை. பிறகு எங்கள் புதிய ஒப்புதல் ஃபார்மின் வரைவைப் படித்துவிட்டு, வரிக்கு வரி குறிப்பெழுதி அனுப்பினார். இப்போது இருக்கும் ஃபார்மில் பாதி அவருடைய வேலை.

எதை மாற்றினோம்

ஒப்புதலை இப்போது ஒரே தடவையில் வாங்குவதில்லை. படம் பிடிக்கத் தொடங்கும்போது ஒன்று, ரஃப் கட், அதாவது முதல்கட்ட எடிட், தயாரானதும் படத்தில் முக்கியமாக வருகிறவர்களுக்கு அவர்கள் மொழியில், அவர்களுக்குத் தோதான நேரத்தில் போட்டுக் காட்டி இன்னொன்று. திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், விளம்பரத் துண்டு எல்லாம் தனித்தனிக் கட்டம், ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சரி சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஃபார்ம் தமிழ், வங்காளம், மலாய், சீனம், ஆங்கிலம் ஐந்திலும் இருக்கிறது. படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவாகவும் கொடுக்கிறோம். ட்ரெய்லரை விளம்பரக் குழு தன்னிச்சையாக வெளியிட முடியாது, அதில் வருகிறவர் பார்த்த பிறகுதான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரம் என்றால் பணம். அதனால் மானியத் தொகையிலேயே இதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறோம்: மறுபடி போய்ச் சந்திக்கும் செலவு, இடையில் நிற்கும் மூன்றாவது ஆளுக்கான தொகை, திருத்த வேண்டி வந்தால் எடிட்டருக்கு. இந்த ஒதுக்கீடு இல்லாமல் இயக்குநர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னால், அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில்தான் நல்லவர்களாக இருக்க முடியும். பின்னணியில் வருகிறவர்களுக்கு ஒரு தனிப் பட்டியலும் உண்டு: யார், எங்கே வேலை, படம் வெளிவரும்போதும் அதே இடத்தில் இருப்பாரா என்று.

பின்வரிசை ஊழியரின் கேள்விக்கு எங்கள் பதில் இன்னும் அரைகுறையாகத்தான் இருக்கிறது. நடிப்புக்கூலி என்று கொடுப்பதில்லை. ஆனால் படப்பிடிப்பால் ஒருவர் இழக்கும் நாள் சம்பளம், பஸ் காசு, போன் டேட்டா இவற்றைக் கொடுக்க வேண்டும் என்பது விதியாகிவிட்டது. டிக்கெட் வருமானத்தில் பங்கு கொடுக்கலாமா என்பது பேச்சில் இருக்கிறது.

இரண்டாவது ஒப்புதலுக்குப் பிறகும் ஒருவர் மனம் மாறினால் என்ன என்பதற்குப் பிக்சர் லாக் (காட்சிகளின் எடிட் முடிவாகும் கட்டம்) வரைக்கும் மாற்றலாம், அதற்குப் பின் உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து என்றால் மட்டும் என்று எல்லை வைத்திருக்கிறோம். பொதுப் பதவியில் இருப்பவர்களுக்கும் நிறுவனத்தின் சார்பில் பேசுபவர்களுக்கும் இந்த இரண்டாவது சுற்று கிடையாது. படத்தேர்வுப் பொறுப்பாளர் வற்புறுத்திச் சேர்த்த வரி அது. ‘வேலைக்கு ஆபத்து’ என்பதை யார் முடிவுசெய்வது என்பதில் குழு இன்னும் ஒன்றுபடவில்லை, இப்போதைக்கு அமைப்புக்கு வெளியே இருக்கும் இருவர் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த வரியை அடுத்த மானியச் சுற்றுக்கு முன் மறுபடி எடுத்துப் பேசுவதாக இருக்கிறோம்.